கர்ப்பச் சர்க்கரைக்கு வீட்டு மீட்டர்: டர்பன் தாய்மாருக்குக் ‘கான்டூர் பிளஸ்’ எவ்வளவு உதவும்?

கர்ப்பச் சர்க்கரை இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன கையோடு பலரும் மருந்துக்கடைக்குப் போய் ஒரு மீட்டர் வாங்கிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் தாத்தாவுக்கோ ஆயாவுக்கோ வாங்கிய மீட்டர் ஒன்று ஏற்கெனவே இருக்கும். புதிதாக வாங்குவோர் கேட்கும் கருவிகளில் கான்டூர் பிளஸும் ஒன்று. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கருவி நல்லது, வாங்கலாம். ஆனால் அது காட்டும் எண்ணைக் கர்ப்பத்தின் எந்த வாரத்தில், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து எடுத்தோம் என்று சேர்த்துப் பார்க்காவிட்டால் பயன் பாதிதான். பெட்டிக்குள் வரும் கையேடு எல்லாச் சர்க்கரைக்காரர்களுக்கும் பொதுவாக எழுதியது. பிள்ளைத்தாய்ச்சியின் உடம்போ மூன்றாம் மாதத்தில் ஒரு மாதிரி, ஏழாம் மாதத்தில் வேறு மாதிரி, பிரசவமான மறுநாள் இன்னொரு மாதிரி.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 0.6 மைக்ரோலிட்டர் இரத்தம் போதும், ஐந்து நொடியில் விடை வரும், இரத்தம் தொடும் சோதனைப் பட்டியின் (ஸ்ட்ரிப்) புதுப் பெட்டி திறக்கும்போது குறியீட்டு எண் போடும் வேலை கிடையாது. துளி போதாவிட்டால் திரையில் காட்டும். சில நொடிக்குள் அதே பட்டியின் நுனியில் இன்னொரு துளியைத் தொடலாம், பட்டி வீணாகாது. கை நடுங்கப் புதிதாகக் குத்திப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. வாங்கியதும் செய்ய வேண்டியது இரண்டு: தேதியும் நேரமும் சரியாக வையுங்கள், அமைப்பில் எல்-1 என்றிருப்பதை எல்-2 ஆக மாற்றுங்கள். எல்-2 நிலையில்தான் சாப்பாட்டுக்கு முன், பின் என்று ஒவ்வோர் எண்ணுக்கும் குறி போட முடியும். சாப்பிட்ட பின் பார்க்க நினைவூட்டும் மணியும் வைக்கலாம். இந்தக் குறி இல்லாத நினைவகத்தைக் கிளினிக் சிஸ்டரிடம் காட்டினால் அவருக்கு அது வெறும் எண் வரிசைதான்.

பணம் போவது மீட்டரில் அல்ல, பட்டியில். கர்ப்பச் சர்க்கரைக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு நான்கு முறை பார்க்கச் சொல்வார்கள்: காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொன்று. வாரத்துக்கு 28 பட்டி. 26ஆம் வாரத்தில் தொடங்கி 40 வரை போனால் 392. ஐம்பது பட்டி கொண்ட பெட்டி எட்டு வாங்க வேண்டி வரும். ஆகவே மீட்டர் இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்க்காமல், பட்டிப் பெட்டியின் விலையைக் கடைக்குக் கடை கேட்டு ஒப்பிடுங்கள். மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) இருந்தால், எந்த மீட்டரின் பட்டிக்குப் பணம் தருவார்கள் என்று கேட்ட பிறகே மீட்டரைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் உள்ள பழைய மீட்டருக்குப் பட்டி இன்னும் கிடைக்கிறது என்றால் அதுவும் போதும். ஒரே மீட்டரை இருவர் பகிராமல் இருப்பதே நல்லது; குத்தும் பேனாவையும் அதில் போடும் லேன்செட் ஊசியையும் ஒருபோதும் பகிரக் கூடாது. ஹெபடைடிஸ் பி பரவ அந்த ஒரு துளி போதும்.

எண் தவறிப் போவது பெரும்பாலும் விரலில்தான். மாம்பழமோ லிச்சியோ உரித்த கையைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டிய பழச்சாறே இரத்தத்தோடு கலந்து 6 என்பதை 10 ஆக்கிவிடும். சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் துளி நீர்த்து எண் குறையும். ஸ்பிரிட் பஞ்சு தேவையில்லை. போட்டால் முழுதும் உலர வேண்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை மெதுவாக நீவினால் துளி தானே திரளும். குத்திய இடத்தையே பிடித்துப் பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். துளியைப் பட்டியின் மேல் சொட்ட வைக்காமல், நுனியை அதன் ஓரத்தில் தொடுங்கள். பட்டி தானே உறிஞ்சிக்கொள்ளும்.

டர்பன் வெயிலும் புழுக்கமும் பட்டிகளுக்கு எதிரி. டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள். பட்டியை எடுத்த உடனே மூடியை அழுத்தி மூடாவிட்டால் மற்ற பட்டிகளும் கெடும். குளியலறை, அடுப்பு மேடை, வெயிலில் நிற்கும் கார் மூன்றும் வேண்டாம். ஃப்ரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுக்கும்போது உள்ளே ஈரம் படியும். சந்தேகம் வந்தால் சரிபார்க்கும் திரவம் ஒன்று இருக்கிறது. கடையில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதை விட்டுப் பார்க்கும்போது வரும் எண், பட்டி டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் இருந்தால் கருவியும் பட்டியும் சரி.

இப்போது கர்ப்பிணிக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வீட்டு மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்னும் 2013ஆம் ஆண்டுத் தரவிதி, லிட்டருக்கு 5.6 மில்லிமோலும் (இங்கே மீட்டர் காட்டும் அலகு) அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 100க்கு 95 முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. அதற்குக் கீழே 0.83 மில்லிமோல் வரை விலகலாம். கர்ப்பச் சர்க்கரைக்குப் பொதுவாக வைக்கும் இலக்கு: வெறும் வயிற்றில் 5.3க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8க்குக் கீழ், அல்லது இரண்டு மணி நேரத்தில் 6.7க்குக் கீழ். அப்படியென்றால் உண்மையில் 5.3 இருக்கும் ஒருத்திக்குத் தரமான மீட்டர்கூட 4.5 என்றும் காட்டலாம், 6.1 என்றும் காட்டலாம். ஒரு நாள் காலையில் 5.5 வந்ததற்காக அழ வேண்டியதில்லை. ஒரு நாள் 4.9 வந்ததற்காக அன்று கேசரி சாப்பிடவும் கூடாது. ஒரு வாரத்து ஏழு காலை எண்களை வரிசையாக எழுதி, அதில் எத்தனை இலக்கைத் தாண்டின என்று பாருங்கள். மருந்து கூட்டுவதா வேண்டாமா என்று டாக்டரும் அந்த வரிசையை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

இன்னொன்று: தென்னாப்பிரிக்காவில் மில்லிமோல் கணக்கு, தமிழ்நாட்டிலிருந்து வரும் வீடியோக்களிலும் கட்டுரைகளிலும் மில்லிகிராம் கணக்கு. மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். அங்கே 95 என்று சொல்வதுதான் இங்கே 5.3.

இரத்தசோகை உள்ளவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களை விட வேகமாகப் பெருகுவதால் இரத்தம் இயல்பாகவே நீர்த்துப் போகிறது. இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தால், சிவப்பணு குறைந்த இரத்தத்தில் பல மீட்டர்கள் சர்க்கரையை உள்ளதை விட அதிகமாகக் காட்டும். கான்டூர் பிளஸ் இந்த விஷயத்தில் நம்பத்தக்கது. சிவப்பணு விகிதத்தின் மிக அகன்ற எல்லைக்குள் வேலை செய்யும்படி வடிவமைத்திருக்கிறார்கள். வீட்டுப் பழைய மீட்டருக்குப் பதிலாக இதை வாங்க எங்களுக்குத் தெரிந்த வலுவான காரணமும் இதுதான். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனை கர்ப்பத்தில் அவ்வளவு உதவாது. சிவப்பணுக்கள் சீக்கிரம் புதுப்பிக்கப்படுவதால் அது குறைவாகவே காட்டும். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டியும் அப்படித்தான்: கர்ப்பத்தில் சிறுநீரகம் சர்க்கரையைக் கொஞ்சம் கசியவிடும் என்பதால், இரத்தத்தில் சரியாக இருக்கும்போதும் அது நிறம் மாறலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முதல் மூன்று மாதத்தில் தாயின் உடம்பு சேமிப்பில் இறங்குகிறது. இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது, கொழுப்பு சேர்கிறது, வெறும் வயிற்றுச் சர்க்கரை கர்ப்பத்துக்கு முன்பிருந்ததை விடக் குறைகிறது. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்த மாதங்களில் சர்க்கரை திடீரெனத் தாழ்வது இதனால்தான். வாந்தியும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. இந்தக் கட்டத்தில் உணவைக் கூட்டிச் சாப்பிட வேண்டிய அவசியம் கிட்டத்தட்ட இல்லை. ‘ரெண்டு உசுருக்குச் சாப்பிடும்மா’ என்று ஆயா சொல்வது பாசத்தில். கணக்குப்படி இரண்டாம் மூன்று மாதத்தில் நாளொன்றுக்குச் சுமார் 340 கலோரியும், கடைசி மூன்று மாதத்தில் சுமார் 450 கலோரியும் கூடுதலாகப் போதும். 340 கலோரி என்பது இரண்டு துண்டு பிரவுன் பிரெட், ஒரு முட்டை, ஒரு சின்ன டம்ளர் பால். அவ்வளவுதான்.

பாதிக் கர்ப்பம் தாண்டியதும் நிலைமை தலைகீழ். நஞ்சுக்கொடி சுரக்கும் லாக்டோஜன் என்னும் ஹார்மோன், நஞ்சுக்கொடி வளர்ச்சி ஹார்மோன் இரண்டோடு புரோஜெஸ்டிரோனும் கார்ட்டிசோலும் சேர்ந்து, தாயின் தசையும் கொழுப்பும் இன்சுலினுக்கு முன்போல இணங்காமல் செய்துவிடுகின்றன. கடைசி மாதங்களில் அந்த இணக்கம் பாதிக்கும் கீழே போய்விடும். தாய் எடுக்காத சர்க்கரை பிள்ளைக்குப் போகட்டும் என்பதே இதன் நோக்கம். கணையம் இரண்டு மடங்குக்கு மேல் இன்சுலின் சுரந்து ஈடுகொடுத்தால் ஒன்றும் தெரியாது. ஈடுகொடுக்க முடியாதவளுக்குத்தான் கர்ப்பச் சர்க்கரை. இந்தியக் கால்வழிப் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம், மெலிந்த உடம்பாக இருந்தாலும்கூட. அதிகமான சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. பிள்ளையின் கணையமே கூடுதலாகச் சுரந்து அதைக் கொழுப்பாக்கும். பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாவதும், பிறந்த சில மணி நேரத்தில் அதன் சர்க்கரை தாழ்ந்துபோவதும் இந்த வழியில்தான்.

24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்ப்பது இதனால்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013 அளவுகோலில் வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணியில் 10.0, இரண்டு மணியில் 8.5 ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பச் சர்க்கரை. இதை வீட்டில் மீட்டரை வைத்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். அரை மில்லிமோல் வித்தியாசத்தில் தீர்ப்பு மாறும் இடத்தில் 0.83 வரை விலகக்கூடிய கருவியை வைக்க முடியாது. கண்டுபிடித்த பிறகு நாள்தோறும் கவனிக்கத்தான் மீட்டர்.

சாப்பாட்டுத் தட்டும் மீட்டரும்

கருவி தன் விலைக்கு உழைப்பது இங்கேதான். சாப்பாட்டின் முதல் வாயிலிருந்து கணக்கிட்டு ஒரு மணி நேரத்தில் பாருங்கள், கடைசி வாயிலிருந்து அல்ல. ஒரு மணியா, இரண்டு மணியா என்பதைக் கிளினிக்கில் சொன்னபடி ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்; மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒப்பிட முடியாது.

கால் ‘பன்னி’யை (பன்னி சௌ: ரொட்டியைத் தோண்டி உள்ளே கறி ஊற்றித் தரும் டர்பன் உணவு) எடுத்துக்கொள்வோம். 700 கிராம் ரொட்டியில் கால்வாசி 175 கிராம்; தோண்டிய பகுதியையும் சேர்த்துச் சாப்பிட்டால் மாவுச்சத்து சுமார் 80 கிராம். கிளினிக்கில் குடிக்க வைக்கும் குளுக்கோஸை விட அதிகம், உள்ளே ஊற்றும் பீன்ஸ் கறியின் மாவுச்சத்தைச் சேர்க்காமலே. அதே பீன்ஸ் கறியை இரண்டு துண்டு பிரவுன் பிரெட்டோடும் ஒரு தட்டுக் காய்கறியோடும் சாப்பிட்டால் ரொட்டிக் கணக்கு 30 கிராம் அளவில் நிற்கும். ஒரு கப் சோறு சுமார் 45 கிராம், கல்லில் சுட்ட நடுத்தர ரொட்டி (சப்பாத்தி) ஒன்று 20 முதல் 25 கிராம். மடும்பி (சேப்பங்கிழங்கு) அவித்ததில் 100 கிராமுக்கு முப்பதுக்கு மேல். அதைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காய் என்று நினைக்காமல், சோற்றுக்குப் பதில் என்று வையுங்கள். உருளைக்கிழங்கையும் அப்படியே சோற்றுக்குப் பதில் என்று வையுங்கள். பிரியாணியில் உருளை, பருப்பு, சோறு மூன்றும் ஒரே கரண்டியில் வருவதால், மீட்டரில் எண் எகிறினால் முதலில் குறைக்க வேண்டியது உருளை.

காலைச் சாப்பாடுதான் முரண்டு பிடிக்கும். விடியலில் கார்ட்டிசோல் ஏறியிருப்பதால், மதியம் 7.2 காட்டும் அதே உணவு காலையில் 8.5 காட்டலாம். மக்காச்சோள மாவுக் கஞ்சி, சர்க்கரை போட்ட டீ, டோஸ்ட் என்று சேர்ந்தால் இலக்குக்குள் வருவது கடினம். காலையில் மாவுச்சத்தை 15 முதல் 30 கிராமுக்குள் வைத்து, முட்டையோ பயறோ மாஸ் என்னும் புளித்த பாலோ சேருங்கள். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்திலோ தெருவிலோ நடந்தால் வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி அதிகம் தேவைப்படாமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அடுத்த சோதனையிலேயே வித்தியாசம் தெரியும்.

சிலர் நல்ல எண் பார்க்கும் ஆசையில் சோற்றையும் ரொட்டியையும் அடியோடு விட்டுவிடுகிறார்கள். மீட்டரில் 4.6 வரும், மனம் குளிரும். ஆனால் கர்ப்பத்தின் பின்பாதியில் தாயின் உடம்பு பட்டினிக்கு மிக வேகமாக மாறுகிறது. சாதாரணப் பெண் ஒரு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் நடப்பது இங்கே ஓர் இரவிலேயே நடக்கும். சர்க்கரை இறங்கி, கொழுப்பு கரைந்து, அதிலிருந்து உண்டாகும் கீட்டோன் என்னும் அமிலப்பொருள் இரத்தத்தில் ஏறும். இந்த மீட்டர் கீட்டோனைக் காட்டாது. நாளொன்றுக்கு 175 கிராம் மாவுச்சத்துக்குக் குறையாமல், மூன்று வேளையும் இடையிடையே சிறு தீனியுமாகப் பிரித்துச் சாப்பிடுவதே சரியான வழி. இரவு படுக்குமுன் ஒரு சின்னத் தீனி, அதில் கொஞ்சம் புரதம். புரட்டாசி விரதத்தில் மாமிசம் விடுவதில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தைச் சோற்றாலும் உருளையாலும் நிரப்பாமல் பருப்பு, சுகர் பீன்ஸ் (ஒரு வகைக் காய்ந்த பீன்ஸ்), சோயா, மாஸ் என்று நிரப்பினால் போதும். காவடிக்கோ வேறு நேர்த்திக்கோ நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது வேறு விஷயம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதைத் தள்ளிவைக்கும்படி உறுதியாகச் சொல்கிறோம். மாரியம்மன் கூழ் ஒரு சின்ன டம்ளர் குடிக்கலாம், ஒரு மணி கழித்துப் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்குப் பின் எண்கள் சரியாக இருந்தும், காலை வெறும் வயிற்று எண் மட்டும் இறங்காமல் நிற்கும் சிலருக்கு. அது இரவில் கல்லீரல் விடும் சர்க்கரை. உணவுக் கட்டுப்பாடு அதை ஓரளவுக்குத்தான் தொடும். மெட்ஃபார்மின் மாத்திரையோ இரவு இன்சுலினோ தேவைப்பட்டால் அது தாயின் தவறு அல்ல, நஞ்சுக்கொடியின் வேலை. குறைமாதப் பிரசவ பயத்தில் பிள்ளையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்கு எண்கள் நன்றாக ஏறும். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதத்தில் இன்சுலின் தேவை திடீரென்று பெருமளவு குறைந்து எண்கள் தாழ்ந்தால், நல்லதாயிற்று என்று வீட்டில் இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி தளர்வதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

பிரசவத்துக்குப் பின் மீட்டரை மூட்டை கட்டுவதற்கு முன்

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்த ஹார்மோன்கள் சில மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்கும். கர்ப்பத்தில் மட்டும் இன்சுலின் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் அன்றே நிறுத்திவிடுவார்கள். முன்பிருந்தே சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவைப் பெரிதும் குறைப்பார்கள். பழைய அளவையே போட்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழும்.

பால் கொடுக்கத் தொடங்கியதும் இன்னொரு மாற்றம். முழுமையாகத் தாய்ப்பால் கொடுக்கும்போது நாளொன்றுக்குச் சுமார் 750 மில்லி பால் ஊறும். அதில் 50 கிராம் அளவுக்கு லாக்டோஸ். அந்தச் சர்க்கரை தாயின் இரத்தத்திலிருந்துதான் போகிறது, இன்சுலின் கேட்காமலே. பால் ஊற நாளைக்கு 500 கலோரி அளவில் செலவாகிறது, அதில் ஒரு பகுதி கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பிலிருந்து. ஆகவே இன்சுலின் போடும் தாய், இரவில் பால் கொடுக்குமுன் கையெட்டும் தூரத்தில் ஒரு டம்ளர் பாலோ இரண்டு பிஸ்கட்டோ வைத்திருக்க வேண்டும். 3.9க்குக் கீழ் போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கான்டூர் பிளஸின் ஐந்து நொடி விடை அந்த நேரத்தில் உண்மையிலேயே அருமை. பத்தியம் என்று பூண்டுக் குழம்பும் சுடுசோறும் மட்டும் போட்டு, காயும் பருப்பும் குறைத்தால் எண்கள் ஏறும். பூண்டு, மிளகு, வெந்தயம் தாராளமாக இருக்கட்டும், லேகியத்தில் உள்ள வெல்லத்தை மட்டும் அளந்து கொடுங்கள்.

இன்சுலின் போடாதவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் தினமும் குத்த வேண்டியதில்லை. மீதமுள்ள பட்டிகளைக் காலாவதித் தேதி பார்த்து எடுத்து வையுங்கள். ஆனால் மீட்டரில் எல்லாம் சரியாக வருகிறது என்பதை வைத்துச் சர்க்கரை போய்விட்டது என்று முடிவெடுக்க முடியாது. கர்ப்பச் சர்க்கரை வந்தவளுக்குப் பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை வரும் வாய்ப்பு, வராதவளை விட ஏழு மடங்குக்கும் மேல். பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் சோதனையை ஆய்வகத்தில் திரும்பச் செய்ய வேண்டும். சரியாக வந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைதான் அதிகம் விட்டுப்போகிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஒரு நாள் போக வேண்டும் என்பதால். பிள்ளையின் 6 வாரத் தடுப்பூசி நாளிலேயே இதையும் செய்ய முடியுமா என்று சிஸ்டரிடம் முன்பே கேளுங்கள். அன்று முடியாவிட்டால் 10 வார ஊசி நாளும் இந்தக் கெடுவுக்குள்தான் வருகிறது. முதல் நாள் இரவு பத்து மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், பிறகு தண்ணீர் மட்டும். சோதனைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இடையில் உட்கார்ந்தபடி பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், நடந்து திரியக் கூடாது. குடித்த குளுக்கோஸ் வாந்தியானால் அன்றைய முடிவு செல்லாது, இன்னொரு நாள் வர வேண்டும். துணைக்கு ஒருவரையும், முடிந்தவுடன் சாப்பிட ஏதாவதும் கொண்டு போங்கள்.